காமிக்ஸ் நாயகர்களின் சிக்கலான மனத்தை வீடியோ கேமில் காட்ட முடியுமா, அடிதடி மட்டும்தானா?

முடியும். எங்கே முடிகிறது, எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதை நான் தெரிந்துகொண்ட இடம் தண்டையார்பேட்டையில் என் மாமா வைத்திருந்த வீடியோ கேம் கடை. இரண்டு பிளேஸ்டேஷன் 2, இரண்டு பழைய டிவி, மணிக்கு 20 ரூபாய். பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில் கல்லாவில் உட்கார்ந்தவன், அடுத்த மூன்று வருடம் மாலை வேளைகளில் அங்கேதான் கிடந்தேன்.

அதற்கு முன்பு அதே இடத்தில் காசு போட்டு ஆடும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஊரே ‘முஸ்தபா’ என்று கூப்பிட்ட ஆட்டம். கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’தான் அது. மார்க் ஷுல்ட்ஸ் என்பவரின் காமிக்ஸிலிருந்து வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. தொப்பிக்காரன் முஸ்தபா வேகமாக ஓடி உதைப்பான், எங்களுக்கு அது போதும்.

பிறகு ‘ஸ்பைடர்மேன் 2’ (2004) பர்மா பஜாரிலிருந்து வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஸ்பைடர்மேன் ஆட்டங்களில் வலை எங்கேயோ வானத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், இவன் பாட்டுக்கு ஊஞ்சல் ஆடுவான். இதில் வலை ஒட்டுவதற்கு ஒரு கட்டடம் வேண்டும். கட்டடம் இல்லாத இடத்தில் இறங்கி ஓடத்தான் வேண்டும். பிடியை எப்போது விடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் வேகம். பையன்கள் கதையை ஓரங்கட்டிவிட்டு, கொடுத்த 20 ரூபாய்க்கும் வெறுமனே தொங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் செய்தேன்.

ஆனால் அந்த ஆட்டத்தில் இன்னொரு வேலையும் உண்டு. குறித்த நேரத்துக்குள் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எல்லோரும் அதைத் தாண்டிப் போனபோது ஒருவன் மட்டும் விடாமல் அதையே ஆடினான். காலையில் பள்ளிக்குப் போகும் முன்பு வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற பையன் அவன். “அண்ணா, இவ்வளவு சக்தி இருந்தும் இவனுக்கு இதே பிழைப்பா?” என்று கேட்டான். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் ஸ்பைடர்மேனாக மாறும் பீட்டர் பார்க்கரை உருவாக்கியபோது வைத்த முடிச்சு முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. எந்த வசனமும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை. கடிகாரம் ஓடியது, அவன் கை வியர்த்தது, அவ்வளவுதான்.

நான் பார்த்த வரையில் நல்ல ஆட்டங்களுக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் இதுதான். நாயகனால் என்ன முடியும் என்பதை எல்லா ஆட்டங்களும் காட்டிவிடுகின்றன. அவனால் என்ன முடியாது என்பதை ஆடுகிறவன் விரலுக்குக் கொண்டுவருவதில்தான் பெரும்பாலானவை சறுக்குகின்றன.

சூப்பர்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். சாகாத ஒருவனை வைத்து என்ன ஆட்டம் போடுவது? நின்டெண்டோ 64 என்ற கேம் இயந்திரத்துக்கு 1999இல் வந்த ஆட்டத்தில் அவனை வளையம் வளையமாக நுழைந்து பறக்க விட்டார்கள். சர்க்கஸ் புலிக்குத்தான் அந்தக் கதி வரும். 2006இல் வந்த ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை, சீக்கிரமே அலுத்துவிடும். ஆனால் அதில் ஓர் அருமையான யோசனை இருந்தது. உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு அவனுக்குக் கிடையாது, மெட்ரோபோலிஸ் நகரத்துக்கு உண்டு. அவனுக்குக் கீறல்கூட விழாது, நகரம் அழிந்தால் ஆட்டம் முடிந்தது. அவன் கவலை எதைப் பற்றியது என்பதை அந்த ஒரு கோடு சொல்லிவிடுகிறது.

பேட்மேன் விஷயத்தில் எனக்கு மரியாதையும் எரிச்சலும் சம அளவில் உண்டு. ராக்ஸ்டெடி நிறுவனத்தின் ‘ஆர்க்கம் அசைலம்’ (2009) ஆடியபோது நான் வியாசர்பாடியில் நண்பன் அறையில் இருந்தேன். பழைய பாகங்களை வாங்கிக் கோத்த கம்ப்யூட்டர். ஆட்டத்தின் நடுவில் படம் கலங்கியது, உறைந்தது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று மின் இணைப்பைப் பிடுங்கினேன். ரேம் என்கிற நினைவக அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டி மறுபடி போட்டால், அதே இடத்தில் அதே கலக்கம். “அப்படியே விடு, என்னதான் ஆகிறதென்று பார்ப்போம்” என்றான் நண்பன். விட்டோம். ஆட்டம் முதலிலிருந்து தொடங்குவது போல அறிமுகக் காட்சி வந்தது. ஆனால் இம்முறை கார் ஓட்டுவது ஜோக்கர், கட்டுண்டு கிடப்பது பேட்மேன்! ஸ்கேர்குரோ என்ற வில்லனின் பயவாயு பேட்மேன் மூளையில் வேலை செய்கிற காட்சியாம் அது. எதை நம்புவது என்று தெரியாத அவன் நிலையை என் ரேம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அதே ஆட்டத்தில் ஒரு தாழ்வாரம் நடக்க நடக்க மழை பெய்யும் சந்தாக மாறும், பெற்றோரைப் பறிகொடுத்த அந்த இரவில் பேட்மேன் சிறுவனாகிவிடுவான். அங்கே சண்டை கிடையாது, நடப்பது மட்டும்தான்.

எரிச்சல் எதில் என்றால், அவனுடைய கொல்லாமைச் சபதத்தில். ‘ஆர்க்கம் நைட்’டில் (2015) பீரங்கி போன்ற காரை ஓட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போகலாம். காரில் படுகிறவர்கள் மின் அதிர்ச்சியில் தெறித்து விழுவார்கள், ஆனால் எல்லோரும் மயக்கம்தானாம். நாமாக ஆசைப்பட்டாலும் யாரையும் கொல்ல முடியாதபடி ஆட்டமே பார்த்துக்கொள்கிறது. தவறும் வாய்ப்பே தராமல் சபதத்தைக் காப்பாற்ற வைத்தால் அதன் பாரம் ஆடுகிறவன் தோளில் எப்படி ஏறும்? துப்பறியும் மூளைக்கும் இதே கதிதான். ஒரு பொத்தானை அழுத்தினால் தடயம் தானாக மின்னுகிறது.

‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ (2018) பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். வாடகை பாக்கிக்காக பீட்டரை வீட்டிலிருந்து வெளியேற்றும் இடம் எனக்குப் பிடித்தது. அட்வான்ஸ் பணத்தில் கழித்துக்கொண்டு காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரை நானும் பார்த்தவன். ஆனால் கடைசியில் அவனை வளர்த்த மே அத்தையின் உயிரா, ஊர் மக்களா என்று வருகிற முடிவை அவனே காட்சியில் எடுத்துவிடுகிறான். அழுதேன், மறுக்கவில்லை. கன்ட்ரோலர் மட்டும் மடியில் சும்மா கிடந்தது.

இத்தனையும் யோசிக்கும்போது எனக்கு ஓர் ஆதங்கம். மூர் மார்க்கெட்டில் மாமா தேடித்தேடி வாங்கிய முத்து காமிக்ஸ்களில் இருந்த இரும்புக்கை மாயாவியை ஏன் ஒருவரும் ஆட்டமாக்கவில்லை? மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். ஒரே ஒரு கையை மட்டும் ஒளித்துக்கொண்டு எதிரி கூடாரத்துக்குள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மறைவு கலைவதற்குள் அடுத்த மின்கம்பியைத் தேட வேண்டும். அதற்கு மேல் ஆள் ஆரம்பத்தில் கெட்ட வழியில் போனவன் வேறு. அவன் பலவீனமே ஆட்ட விதியாகத் தயாராக இருக்கிறது.

போன மாதம் மாமாவிடம் இதைச் சொன்னேன். கடையை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன, ஆனாலும் அவருக்கு முதலில் தோன்றியது கல்லாப்பெட்டிதான். “அவன் கம்பியைத் தொடப் போகிற சமயம் பார்த்து நம் தெருவில் கரண்ட் போகும். போன நேரத்துக்கு நான் காசு கழிக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்” என்றார்.