தாம்பரம் கல்லூரிக் காட்டைச் சுத்தம் செய்து பூங்கா ஆக்கினால் என்ன?

சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: புதரும் சருகுமாகக் கிடக்கிறதே, வெட்டிச் சீராக்கினால் எல்லோரும் நடக்கலாமே என்று. அங்கே தாவரவியல் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

கல்லூரி 1937-இல் நகருக்குள்ளிருந்து இங்கே வந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நிறைய மரங்கள் வைத்தார்கள். ஆனால் புதர்க்காடு அதற்கெல்லாம் முந்தியது. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. கிண்டியில் இருப்பதும் இதே வகைதான். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு, சித்திரை வெயிலிலும் பச்சை குறையாமல் நிற்கும். களா, காரை, காயா, வீரை என்று எல்லாமே குட்டை. நீங்கள் புதர் என்று நினைப்பதில் பாதி, நாளைய மரத்தின் கன்று.

சருகு விஷயம் இன்னும் முக்கியம். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வரும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, அவ்வளவு அழகு! சருகைப் புரட்டித்தான் அது புழு பூச்சி தேடும். கூட்டிப் பெருக்கிய தரையில் அதற்கு என்ன வேலை?

அப்புறம், படிப்பு. நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் என்னென்ன செடி, எத்தனை என்று எண்ணுவோம். குவாட்ராட் என்போம். முன்னே படித்தவர்கள் எண்ணி வைத்ததோடு ஒப்பிடும்போதுதான் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை முழுக்க மரங்களைச் சாய்த்தது. அப்படி மரம் விழுந்து வெயில் இறங்கிய இடத்தில் முளைத்து வருவது வீரைக் கன்றா, சீமைக்கருவேலமா? ஒரே இடத்தை யாரும் கைவைக்காமல் பல வருஷம் பார்த்தால் மட்டுமே சொல்ல முடியும்.

நடக்க வேண்டுமானால் வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். வளாகச் சாலைகளே போதும். நாயைக் கூட்டிப் போகாதீர்கள், மானுக்குப் பிஸ்கட் போடாதீர்கள்.

பூங்கா வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. தாம்பரம் பக்கம் இருப்பவை போதவே போதாது. மாநகராட்சியிடம் தனியாக இடம் கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.