மதுரையில் போர் தண்ணீர் ஓடும் வீட்டில் கீசரை எப்போது சர்வீஸ் செய்ய வேண்டும்?

தேதியை விட தண்ணீரைப் பாருங்கள். வைகைத் தண்ணீர் மட்டும் என்றால் கொஞ்சம் தள்ளிப் போடலாம். போர் தண்ணீர் என்றால் வருடம் ஒருமுறை அவசியம். வாளியில் வெள்ளைக் கறை பிடிக்கிறதா? அதே உப்புதான் உள்ளே ஹீட்டிங் காயிலிலும் ஏறுகிறது. தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், படபடவென்று சத்தம் வரும். அப்போதே ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள்.

வருகிறவர் காயிலைச் சுரண்டிவிட்டுப் போனால் போதாது. ஆனோடு ராடையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்த மெக்னீசியம் ராடு தான் அரிபட்டு டேங்கைக் காக்கிறது. உள்ளிருக்கும் கம்பி தெரிகிற அளவுக்குக் கரைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டேங்க் ஓட்டையானால் கீசரே போச்சு.

சூட்டை 55 டிகிரி அளவில் வைத்தால் உப்பு படிவது குறையும். குழாயில் லேசாக ஷாக் அடித்தால் மட்டும் சர்வீஸ் வரை காத்திருக்காதீர்கள். உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.