இடது பின்பக்கம் தணிஞ்சு நிக்கிற ஸ்போர்ட்ஸ் காரு, வாங்கலாமுங்களா?

கேள்வி (திருப்பூர் வாசகர்): வணக்கமுங்ணா. கோயமுத்தூர்ல ஒரு யூஸ்டு கார் டீலர்கிட்ட 2011 மாடல் பி.எம்.டபிள்யூ இசட்4, 35ஐ பாத்து வெச்சிருக்கேனுங்க. ரெண்டே சீட்டு, கூரை மடங்கறது, காலேஜ் படிக்கறப்ப இருந்தே ஆசை. 74,000 கி.மீ ஓடியிருக்கு, கேரளா ரிஜிஸ்ட்ரேசன், டோக்கன் 50,000 குடுத்துட்டேன். ரெண்டாவது தாட்டி போறப்பதான் கவனிச்சேன், பின்னாடி இடது பக்கம் டயருக்கும் ஃபெண்டருக்கும் (டயருக்கு மேல வளைஞ்சு நிக்கற பாடித் தகடு) நடுவுல ரெண்டு விரல் கூட நுழையல, வலது பக்கம் மூணு விரல் தாராளமாப் போகுது. டீலர்கிட்ட கேட்டா "அந்த டயர்ல காத்து கம்மிங்க, ஸ்போர்ட்ஸ் காருன்னா இப்படித்தான் இருக்கும்"ங்கறாரு. கூட வந்த மெக்கானிக் நாலு ஷாக்கையும் மாத்தீட்டா நேராயிரும்ங்கறாரு. அப்பா வேண்டவே வேண்டாங்கறாரு. நான் என்னங்ணா பண்றது?

பதில்: தம்பி, மீதிப் பணத்தைக் குடுக்காம நிறுத்தி வெச்சுட்டு எழுதுனீங்க பாருங்க, ரொம்ப நல்ல காரியமுங்க. வண்டி வேண்டாம்னு நான் சொல்ல வரல, ஆனா எதனால தணிஞ்சு நிக்குதுன்னு காரணம் கையில கிடைக்கற வரைக்கும் இன்னொரு ரூவா குடுக்காதீங்க, ஏன்னா இதே தணிவுக்குப் பின்னாடி ரெண்டு ஸ்பிரிங் மாத்தி முடியற வேலையும் இருக்கலாம், அடி வாங்கி நிமித்தின வண்டியும் இருக்கலாம், வெளிய நின்னு பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மொதல்ல டீலர் சொன்ன காத்து விசயம். நீங்க விரல் விட்டுப் பாத்தது டயரோட மேல் பக்கத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல. காத்து கம்மியானா டயரு நசுங்கறது கீழ, ரோட்டைத் தொடற இடத்துல, அப்ப ரிம்மும் பாடியும் ஒட்டுக்கா எறங்கும், மேல இருக்கற கேப்பு அப்படியேதான் இருக்கும். அதனால ஒரு விரல் வித்தியாசத்துக்குக் காத்து காரணமாகவே முடியாதுங்க. அந்த ஆளு தெரிஞ்சு சொன்னாரா தெரியாம சொன்னாராங்கறது நமக்குத் தேவையில்ல, பதில் தப்பு, அது போதும்.

அடுத்து ஷாக். வண்டியோட எடையைத் தாங்கி உயரத்தைப் புடிச்சு நிக்கறது ஸ்பிரிங்குதானுங்க, ஷாக் இல்ல. ஸ்பிரிங்கு ஆடறதை அடக்கறது மட்டுந்தான் ஷாக்கோட வேலை. ஆயில் மொத்தமும் ஒழுகிப்போன ஷாக்கா இருந்தாக்கூட நின்ன எடத்துல ஒரு பக்கம் இப்படித் தணியாது, பள்ளத்துல எறங்கினா ரெண்டு மூணு தாட்டி துள்ளும், வளைவுல மிதக்கற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சில இசட்4-ல எலக்ட்ரானிக் ஷாக் வரும், அதுவும் இறுக்கம்தான் மாறும், உயரம் மாறாது. பெரிய சொகுசு வண்டிகள்ல வர்ற ஏர் சஸ்பென்சன் வேற கதை, அதுல ராத்திரி காத்து எறங்கி காலைல ஒரு மூலை உக்காந்திருக்கும், இந்த வண்டியில அது கிடையவே கிடையாது. ஆக நாலு ஷாக்கும் மாத்தினீங்கன்னா காசு போயிரும், சாய்வு அப்படியே இருக்கும். நானே அந்தத் தப்பைப் பண்ணியிருக்கேனுங்க, பல வருசம் முன்னாடி ஒரு பழைய வண்டிக்கு பட்டறைக்காரரு சொன்னாருன்னு பின் ஷாக் ரெண்டும் மாத்தி ஒரு மாசம் அதே சாய்வோட ஓட்டினேன், அப்புறம் வேற ஒரு எடத்துல லிஃப்ட்ல ஏத்தி கையை விட்டுத் தடவிப் பாத்தா ஸ்பிரிங்கோட கீழ்ச் சுத்துல விரல் நீளத் துண்டு ஒடைஞ்சு ரப்பருக்குள்ளயே கெடக்குது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்.

இசட்4-ல பின்னாடி ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி, ஸ்பிரிங்கு கீழ ஆர்முக்கும் (வீலைப் பாடியோட இணைக்கற இரும்புக் கை) மேல பாடிக்கும் நடுவுல ரப்பர் சீட்டுல உக்காந்திருக்கும். ஒடையறது பெரும்பாலும் அந்த ரப்பருக்குள்ள மறைஞ்சிருக்கற கடைசிச் சுத்துலதான், ஈரமும் மண்ணும் தங்கற எடம், பெயிண்ட் பேந்து துரு புடிச்சு அங்க இருந்து விரிசல் விட்டு ஒரு நாள் ஸ்பீடு பிரேக்கர்ல டொக்குனு போயிரும், ஓட்டறவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கடலோரம் ஓடின வண்டின்னா உப்புக் காத்துல இன்னும் சீக்கிரம். இது அந்தக் கம்பெனி வண்டிக்குன்னு இருக்கற கோளாறு இல்லீங்க, பத்துப் பன்னெண்டு வருசம் தாண்டின எந்த வண்டியிலயும் நடக்கறதுதான்.

இப்ப நேர்ல என்ன பண்ணோணும்னா, மொதல்ல விரலை விட்டுட்டு டேப்பை எடுங்க. தரை மட்டமா இருக்கோணும், டீலர் யார்டுல பாதி எடம் தண்ணி ஓடறதுக்கு வாட்டம் விட்டிருப்பாங்க, சந்தேகமா இருந்தா கொத்தனாருங்க வெச்சிருக்கற டியூப் லெவலைப் புடிச்சுப் பாத்துருங்க, இல்லன்னா வண்டியைத் திருப்பி எதிர் பக்கமா நிறுத்தி இன்னொரு தாட்டி அளந்தாலே தரையோட தப்பு வெளிய வந்துரும். நாலு டயர்லயும் காத்து சரி பண்ணி, டிக்கியைக் காலி பண்ணி, கூரையை மூடியே வெச்சு, உள்ள ஆள் யாரும் இல்லாம, வண்டியைப் பத்தடி முன்னயும் பின்னயும் உருட்டி, நாலு மூலையையும் ரெண்டு அமுக்கு அமுக்கி விட்டுட்டு அளக்கோணும். அளக்கறது வீல் நடுவுல இருந்து நேர் மேல ஃபெண்டர் ஓரம் வரைக்கும், தரையில இருந்து அளந்தா டயர் தேய்மானம் எல்லாம் உள்ள வந்து குழப்பிரும். இடதுக்கும் வலதுக்கும் 5 மி.மீ வித்தியாசம்னா கண்டுக்க வேண்டாம், 10 மி.மீ வரைக்கும் பொறுத்துக்கலாம், நீங்க சொல்ற ஒரு விரல்னா கிட்டத்தட்ட 15, 20 மி.மீ வரும், அது நிச்சயமா ஏதோ ஒரு கோளாறுதான்.

அளந்ததுக்கு அப்புறம் ஒரு முக்கியமான சோதனை, இதைப் பண்ற பட்டறை கம்மி. ஒரு மூலை தணிஞ்சா கோளாறு அந்த மூலையிலயேதான் இருக்கோணும்னு இல்லீங்க, நாலு கால் கட்டில்ல ஒரு கால் ஒசந்தா எதிர் மூலை ஆடற மாதிரி, முன்னாடி வலது பக்கம் தப்பான ஸ்பிரிங்கு போட்டு ஒசந்து நின்னாலும் பின்னாடி இடது அமுங்கும். அதனால வண்டிக்கு முன்பக்கம் சரியா நடுவுல, ஜாக்கி குடுக்கறதுக்குன்னு இருக்கற எடத்துல குடுத்து முன் டயர் ரெண்டையும் தரையில இருந்து தூக்கச் சொல்லுங்க, பின் டயர் தரையில இருக்கட்டும், யாரும் அடியில போகக்கூடாது. இப்பவும் பின்னாடி இடது தணிஞ்சே இருந்தா கோளாறு பின்னாடி, நேராயிருச்சுன்னா கோளாறு முன்னாடி. அப்புறம் லிஃப்ட்ல ஏத்தி, கோளாறு இருக்கற பக்கத்து ஸ்பிரிங்கைக் கடைசிச் சுத்து வரைக்கும் தடவிப் பாக்கச் சொல்லுங்க. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ரேஸ் வண்டி செட் பண்ற பசங்க யாராவது பழக்கம்னா கூட்டிட்டுப் போங்க, நாலு மூலைக்கும் தனித்தனியா எடை போட்டுப் பாத்துப் பழகின கை அது, இந்த விசயம் பத்து நிமிசத்துல புடிபட்டுரும்.

ஸ்பிரிங்கு ஒடையாம முழுசா இருந்தா அப்பதான் நான் பயப்படுவேன். அப்ப வீல் அலைன்மென்ட் போட்டு, சரி பண்றதுக்கு முன்னாடி வர்ற ரீடிங்கை பிரிண்ட் எடுங்க. பின்னாடி ரெண்டு பக்கமும் கேம்பர்ல (முன்னாடி நின்னு பாத்தா டயரு உள்ளயோ வெளியயோ சாஞ்சிருக்கற கோணம்) ஒரு டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்து டோவும் (மேல இருந்து பாத்தா டயரு நேராப் பாக்காம திரும்பியிருக்கற கோணம்) அட்ஜஸ்ட்ல வராம அடம் புடிச்சா ஆர்ம் வளைஞ்சிருக்கலாம், இல்ல அந்த ஆர்மெல்லாம் மாட்டியிருக்கற சப்ஃபிரேம்ங்கற சட்டம் நகந்திருக்கலாம். தணிஞ்ச பக்கத்துல டயரு தானாவே கொஞ்சம் உள்ள சாயும், அதனால கேம்பரை மட்டும் வெச்சு முடிவு பண்ணீராதீங்க. டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி வெல்டிங் பாருங்க, கம்பெனி சீலன்ட் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குதான்னு பாருங்க, இன்சூரன்ஸ் பாலிசியில நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருசத்துக்குப் பிரீமியத்துல கொறைக்கற சலுகை) எத்தனைன்னு பாருங்க, ஓனர் மாறாம வருசாவருசம் விடாம புதுப்பிச்ச வண்டிக்குப் போனஸ் சைபர்னு இருந்தா பெரும்பாலும் போன வருசம் கிளெய்ம் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், எதுக்குப் போட்டாங்கன்னு கேளுங்க. சேஸியில (வண்டியோட அடிச்சட்டத்துல) அடின்னு தெரிஞ்சா எவ்வளவு கொறைச்சுக் குடுத்தாலும் வேண்டாமுங்க, நீங்க வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவுலயும் ஓட்டத்தானே வாங்கறீங்க, 300 குதிரைச் சக்தியைப் பின் வீலுக்குத் தள்ளற வண்டி அது, பின்னாடி கோணலா இருந்தா ஈரத்துல என்ன பண்ணும்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஸ்பிரிங்குதான்னு தெரிஞ்சா மனசார வாங்குங்க. ஒடைஞ்சது ஒண்ணுன்னாலும் பின்னாடி ரெண்டையும், கூட ரப்பர் சீட்டையும் மாத்துங்க. சேஸி நம்பரைக் குடுத்துத்தான் ஸ்பிரிங்கு ஆர்டர் பண்ணோணும், இந்தக் கம்பெனி வண்டிக்கு எஞ்சின், கியர்பாக்ஸ், என்னென்ன ஃபிட்டிங்னு கணக்குப் போட்டு ஸ்பிரிங்கு வேற வேற வரும், மாடல் பேரை மட்டும் சொல்லி வாங்கினா திரும்பவும் இதே சாய்வுல வந்து நிப்பீங்க.

டீலர்கிட்ட பேசறதை எல்லாம் எழுத்துல வையுங்க. "இடது பின்பக்கம் உயரம் கம்மியா இருக்கு, காரணம் கண்டுபுடிச்சு சரி பண்ணிக் குடுக்கறோம், சேஸி அடின்னா டோக்கன் முழுசும் திருப்பிக் குடுக்கறோம்"னு அவரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டாலும் போதும். தொழிலா வண்டி விக்கறவருங்கறதால 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதுக்குப் பொருந்தும், குடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், ரெண்டு வருசத்துக்குள்ள போடோணும், அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் பண்ணி புகாரைப் பதிவு பண்ணுங்க. ஆனா கோளாறைக் கண்ணால பாத்துட்டு ஒண்ணும் எழுதி வாங்காம பணத்தைக் கட்டீட்டீங்கன்னா, மறைச்சு வித்துட்டாங்கன்னு பின்னாடி சொல்றது ரொம்ப கஷ்டம். கேரளா வண்டிங்கறதால அங்கத்த ஆர்.டி.ஓ கிட்ட இருந்து ஃபார்ம் 28-ல என்.ஓ.சி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வரோணும், தமிழ்நாட்டு வரி திரும்பக் கட்டோணும், அதையும் வெலையில கழிச்சுப் பேசுங்க. அப்பாவையும் லிஃப்ட்ல ஏத்தறப்பக் கூட்டிட்டுப் போங்க, அடியில என்ன இருக்குதுன்னு அவரும் பாக்கட்டும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): எங்கிட்ட பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ் இருக்குதுங்க, நேராத்தான் நின்னுட்டு இருந்துச்சு. போன மாசம் முன்னாடி வலது லோயர் ஆர்ம் புஷ் (ஆர்ம் மாட்டற எடத்துல இருக்கற ரப்பர் வளையம்) மாத்தினேன், அன்னைல இருந்து அந்தப் பக்கம் ஒசந்து நிக்குது. ஸ்பிரிங்கைத் தொடவே இல்லைன்னு பட்டறைல சத்தியம் பண்றாங்க.

பதில்: அவங்க சொல்றது நிசமாத்தான் இருக்குமுங்க. வண்டியை லிஃப்ட்ல தூக்கி வீல் தொங்கிட்டு இருக்கறப்பவே புஷ் போல்ட்டை முழுசா முறுக்கியிருப்பாங்க. அந்த ரப்பர் புஷ்ஷு எந்த நிலையில இறுக்கறமோ அதையே தன்னோட இயல்பு நிலைன்னு எடுத்துக்கும், அப்புறம் வண்டி தரையில எறங்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங்கு மாதிரி மேல தள்ளிட்டே இருக்கும். அந்தப் போல்ட்டுகளை லூஸ் பண்ணி, வண்டி தன் எடையில நாலு வீல்லயும் நிக்கறப்ப, இல்லன்னா ஆர்முக்கு அடியில ஜாக்கி குடுத்து அதே உயரத்துக்குக் கொண்டு வந்து, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பானர்) வெச்சு முறுக்கச் சொல்லுங்க, புதுப் பொருள் எதுவும் வேண்டாம், பெரும்பாலும் எறங்கீரும். தள்ளிப் போடாதீங்க, இப்படியே ஓடினா சீக்கிரத்துல புதுப் புஷ்ஷு கிழிஞ்சிரும். சரி பண்ணின பின்னாடி ரெண்டு பக்கமும் அளந்து எழுதி வெச்சுட்டு அலைன்மென்ட் ஒண்ணு போட்டுருங்க.