பிறந்த ஊர் பினாங்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் பிறந்தது பினாங்கில். அப்பச்சிக்கு பினாங் ஸ்ட்ரீட்டில் வட்டிக்கடை. 1964-ல் எனக்குப் பத்து வயது இருக்கும்போது ‘ரஜூலா’ கப்பலேறி நாகப்பட்டினம் வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு போகவே இல்லை. இப்போது மகன் கூட்டிப்போகிறேன் என்கிறான். கடை இருந்த வீடு, கடற்கரை ரோடு, தண்ணீர்மலைக் கோயில் மூன்றையும் பார்க்க ஆசை. முழங்கால் வலி உண்டு. எப்போது போகலாம், எப்படிப் போகலாம்? — ஓர் ஆச்சி, கண்டனூர்

பதில்: அவசியம் போய்வாருங்கள் ஆச்சி. ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் வீட்டிலுள்ள பழைய பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். கடையின் விலாசம் (கடைப் பேராக வழங்கிய அந்த இனிஷியல் வரிசை), கதவிலக்கம் இரண்டும் கையில் இருக்க வேண்டும். பழைய பேரேடு, கடையின் பேர் அச்சடித்த கடித உறை, புரோநோட்டு நகல், ஐந்தொகைத் தாள் எதிலாவது கட்டாயம் இருக்கும். பினாங் ஸ்ட்ரீட் நீளமான தெரு. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி நிற்கும் மாடிக்கடைகள், எல்லாவற்றுக்கும் முன்னால் ஐந்தடி நடைபாதை. பத்து வயது ஞாபகத்தை மட்டும் நம்பி இறங்கினால் நாலு வீட்டைக் காட்டி ‘இதுதானோ, அதுதானோ’ என்று மயங்க நேரும்.

பழைய படம் இருந்தால் கீழ்த்தளத்தை விட்டுவிட்டு மாடியைப் பாருங்கள். கீழே ஷட்டர், போர்டு, கண்ணாடி எல்லாம் மாறியிருக்கும். மாடி ஜன்னல் எத்தனை, ஜன்னலுக்கு மேலே உள்ள சுதை வேலை என்ன மாதிரி, ஓட்டுக்குக் கீழே வருஷம் ஏதும் பொறித்திருக்கிறதா என்று ஒப்பிட்டால் வீடு பிடிபடும். பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லைக்குள் வீட்டின் முகப்பை இஷ்டத்துக்கு இடித்துக் கட்ட முடியாது. உள்பக்கம் வேறு கதை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000-ம் ஆண்டு பிறந்ததோடு முடிந்தது. வாடகை ஏறியது, பழைய குடிகள் பலர் வெளியேறினார்கள். சுவரோரம் வரிசையாகக் கைப்பெட்டியும் இரும்புப் பெட்டியும் வைத்துக் கணக்கெழுதிய கிட்டங்கி (வட்டிக்கடைக் கட்டடம்) கூடம் இன்று காப்பிக்கடையாக இருக்கலாம், துணிக்கடையாக இருக்கலாம், தங்கும் விடுதியாகவும் இருக்கலாம். விடுதியாக இருந்தால் அங்கேயே அறை எடுத்துவிடுங்கள். இதைவிட நல்ல வழி இல்லை. வேறு எதுவாக இருந்தாலும் காலை பத்து, பதினொரு மணிக்குக் கூட்டமில்லாத நேரமாகப் போய், ‘சாயா லாஹிர் டி சினி’ (நான் இங்கேதான் பிறந்தேன்) என்று சொல்லிக் கேளுங்கள். வீடு பிடிபடவில்லையென்றால் அதே தெருவில் உள்ள கோவில் வீட்டில் (நகரத்தார் கோயிலுக்குச் சொந்தமான வீடு) விசாரியுங்கள். விலாசத்தைச் சொன்னால் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள்.

கடற்கரை ரோடு என்று நீங்கள் எழுதியிருப்பது கர்னி டிரைவ் என்றால், மனதைக் கொஞ்சம் தயார் செய்துகொள்ளுங்கள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அலை மோதிய இடத்தில் 2016-லிருந்து கடலைத் தூர்த்து நிலமாக்கியிருக்கிறார்கள். இப்போது அங்கே பூங்கா. தண்ணீர் தள்ளிப் போய்விட்டது. பழைய மாதிரி கல்சுவரை ஒட்டிக் கடல் பார்க்க எஸ்பிளனேடுக்குப் போங்கள். கார்ன்வாலிஸ் கோட்டையை அடுத்த திடல் அது. பினாங் ஸ்ட்ரீட்டிலிருந்து பக்கம். மணலில் கால் வைக்க வேண்டுமென்றால் பத்து ஃபெரிங்கி. படகுத்துறையிலிருந்து 101-ம் எண் பஸ் போகிறது.

நேரக் கணக்கிலும் ஒரு வித்தியாசம் உண்டு. மலேசியத் தீபகற்பம் 1982 ஜனவரி 1-ல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. உங்கள் காலத்தில் தை மாதத்தில் ஏழு மணிக்கு அடைந்த பொழுது இப்போது ஏழரைக்கு அடையும். காலையும் அப்படியே, ஏழேகாலுக்குக்கூட முழுதாக விடிந்திருக்காது. நம் ஊர் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். முதல்நாள் மாத்திரை வேளை குழம்புவது இதனால்தான்.

தண்ணீர்மலையில் இரண்டு கோயில்கள். 1850-களில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் அடிவாரத்தில், சாலையை ஒட்டியே இருக்கிறது. முழங்காலுக்குச் சிரமம் இல்லை. மேலே உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. 2012-ல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில்தான், ஆனாலும் நீங்கள் ஏற வேண்டாம், மகன் போய்க் கும்பிட்டு வரட்டும்.

தைப்பூசத்துக்குப் போக ஆசை இருக்கும். காரைக்குடியில் செய்து 1894-ல் கப்பலேற்றிய வெள்ளி ரதம் இன்றும் ஓடுகிறது. பூசத்துக்கு முதல்நாள் காலை, இருட்டு விலகும் முன்பே கோவில் வீட்டிலிருந்து புறப்படும். வழியெல்லாம் தேங்காய் உடைபட்டு, தண்ணீர்மலை சேர இரவாகிவிடும். ரதத்தைப் புறப்படும் இடத்திலேயே தரிசித்துவிடுங்கள். கோயில் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவதால் வெகுதூரம் நடக்க வைத்துவிடும். சிதறிய தேங்காய்ச் சில்லும் தண்ணீரும் சேர்ந்து ரோடு வழுக்கும். அடிப்பிடிப்புள்ள செருப்பு வேண்டும், தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். 2017-லிருந்து தங்க ரதம் ஒன்றும் தனியாகப் புறப்படுகிறது. எந்த ரதம், எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் முன்னதாகவே போய் வீடு தேடும் வேலையை முடித்துவிடுவது உசிதம். பூச நாட்களில் அந்தத் தெருக்களில் நின்று நிதானமாக எதையும் பார்க்க முடியாது. பூசம் வேண்டாமென்றாலும் ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல வெயில் காலம். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம், அங்கிருந்து இ.டி.எஸ். என்ற மின்சார ரயிலில் எதிர்க்கரையான பட்டர்வொர்த் சுமார் நாலு மணி நேரம், பிறகு ஃபெர்ரி. கடலிலிருந்து ஊரைப் பார்த்துக்கொண்டே இறங்க இந்த வழிதான் சரி. மகன் ‘வசதியாக இருக்கட்டும்’ என்று கார் பிடித்தால் அது பாலத்தில்தான் போகும், இப்போது ஃபெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. எந்தெந்த நாள் என்று பார்த்து, திரும்புவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். திரும்பும் டிக்கெட் கையில் வேண்டும். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம்; பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் அல்ல. இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட் என்றால் டிக்கெட்டிலும் அட்டையிலும் அதே எழுத்து, அதே வரிசை.

கேள்வி: ஐயா காலத்து மாதிரி நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் உண்டா? — வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை. 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்றுபோனது. நாகையிலிருந்து இப்போதுள்ள கப்பல் இலங்கை காங்கேசன்துறைக்கு; 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது.

கேள்வி: பினாங்கில் உள்ள சொந்தக்காரர்களுக்கு என்னென்ன கொண்டுபோகலாம்? — வாசகி, பள்ளத்தூர்

பதில்: சீப்புச்சீடை, மனகோலம், கைமுறுக்கு, தேன்குழல் தாராளமாகக் கொண்டுபோகலாம். நன்றாக ஆறவிட்டுக் காற்றுப்புகாமல் கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் வேர்த்து நமுத்துவிடும். உப்புக்கண்டம் வேண்டாம், இறைச்சிக்கு அனுமதிச் சீட்டு கேட்பார்கள். செடி, விதை, கிழங்குக்கும் அப்படித்தான். சிங்கப்பூர் வழியாகப் போவதாக இருந்தால் மசாலாச் சாமானில் கசகசா இருக்கக் கூடாது, அங்கே அதற்குத் தடை. மருந்து மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.