குழந்தைக்கு மொசார்ட் இசை போட்டால் அறிவு வளருமா?

மொசார்ட் 18-ம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையமைப்பாளர்; அவர் இசையைச் சும்மா போட்டுவிட்டால் அறிவு வளராது. இந்த நம்பிக்கை 1993-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் மொசார்ட் கேட்டவர்கள் குழந்தைகளே இல்லை, கல்லூரி மாணவர்கள் 36 பேர்; காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்று ஊகிக்கிற மாதிரியான கேள்விகளில் அவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றமும் கால் மணி நேரத்தில் மறைந்துவிட்டது. ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசை சிடி கொடுக்கத் திட்டம் போட்டார்!

பாடவோ வாசிக்கவோ கற்பது வேறு. கர்நாடக இசையில் முதலில் கற்கும் சரளி வரிசையையே பாருங்கள், கை ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையைப் போடும்போதே வாய் ஸ்வரம் சொல்ல வேண்டும், காது சுருதியை விடக்கூடாது, அப்புறம் அதையே இரண்டாம் காலத்தில் இரட்டை வேகத்தில் பாட வேண்டும். கவனத்துக்கும் நினைவுக்கும் நல்ல வேலை. டொராண்டோவில் 6 வயதுக் குழந்தைகள் 144 பேரை வைத்து நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு இசை கற்றவர்களுக்கு ஐக்யூ மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடியது. பின்னாளில் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த சில தொகுப்பு ஆய்வுகள் அந்தக் கொஞ்சமும் இல்லை என்கின்றன. அதனால் மதிப்பெண்ணுக்காகப் பாட்டு வகுப்பில் சேர்க்காதீர்கள். கைக்குழந்தை என்றால் நீங்களே தாலாட்டுப் பாடுங்கள், சுருதி விலகினாலும் பரவாயில்லை.