ராத்திரியில் பாறையை விட்டு வெளியே வரும் புழு: கொல்வதற்கு முன் யாரென்று பாருங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு மஷ்ரூம் பவளம், கொஞ்சம் ஜோவாந்தஸ் (பாறையில் பொத்தான் பொத்தானாக ஒட்டி வளரும் பவள உறவு உயிர்) இருக்கின்றன. பாறையை பெங்களூரில் வாங்கினேன். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால், விரல் நீளத்துக்கு ரோஸ் நிறப் புழு ஒன்று பாறை இடுக்கிலிருந்து வருகிறது, இரண்டு பக்கமும் வெள்ளை மயிர். மணல் மேல் நூல் நூலாக ஏதோ நெளிகிறது. கண்ணாடியில் வெள்ளைச் சுருள் புள்ளிகள் வேறு. புழுவைக் கையால் பிடித்தேன், இரண்டு நாள் விரல் எரிந்தது. தெரிந்தவர் ஒருவர் பாறையைக் கொதிக்க வைக்கச் சொல்கிறார். வீட்டில் தொட்டியையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: பாறையை அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம். ஜோவாந்தஸ் இனங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அந்தப் பாறையைக் கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவியோடு கலந்து மூச்சில் போகும். வெளிநாடுகளில் இப்படிச் செய்து குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. வெந்நீர் ஊற்றுவதும், ஜோவாந்தஸ் ஒட்டியிருக்கும் பாறையை பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் அதே ஆபத்துதான்.

இனி உங்கள் புழு. நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது அநேகமாக பிரிஸ்டில் வார்ம். நம் கொல்லையில் திரியும் பூரானின் உடம்பில் கம்பளிப்பூச்சியின் மயிரை வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. அந்த மயிர் உண்மையில் சுண்ணாம்புச் சத்தால் ஆன மெல்லிய முள். தோலில் குத்தி உள்ளேயே உடைந்துவிடும், எரிச்சலுக்குக் காரணம் அதுதான். அடுத்த முறை பட்டால் தேய்க்காதீர்கள். செலோடேப்பை அழுத்தி ஒட்டி உரித்தெடுங்கள், முள் அதோடு வந்துவிடும். பிறகு வினிகர் தடவினால் பலருக்கு எரிச்சல் அடங்குகிறது. வீக்கம் பரவினால் மருத்துவரிடம் போய்விடுங்கள். தொட்டிக்குள் கைவிடும்போது ரப்பர் கையுறை கட்டாயம்.

இந்தப் புழுவைக் கொல்லச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மீன் தின்னாமல் விட்ட தீனி, பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் நத்தை என்று உங்கள் கை எட்டாத இடத்தில் அழுகுவதையெல்லாம் தின்று தீர்ப்பது இதுதான். செத்த மீனின் மேல் நான்கைந்து புழு மொய்ப்பதைப் பார்த்து, அவைதான் மீனைக் கொன்றன என்று பலர் எனக்கு எழுதுகிறார்கள். மீன் செத்த பிறகுதான் அவை வந்திருக்கும். புழு பெருகிக்கொண்டே போகிறதா? தீனி அதிகம் என்று அர்த்தம். இரண்டு க்ளவுன் மீனுக்கு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும்.

ஆனால் பிரிஸ்டில் வார்ம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதன் தூரத்து உறவினர் ஒருவர் நிஜமாகவே ஆபத்தானவர். யூனிசிட் என்ற வகை. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் மேல் சிவப்பு கண்ணாடிக் காகிதம் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலான புழுக்களுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைக்காது, நிதானமாகப் பார்க்கலாம். தலையைக் கவனியுங்கள். யூனிசிட்டுக்குத் தலையில் ஐந்து உணர்கொம்புகள் தெளிவாக நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பு கரும்பழுப்பாக, வெளிச்சம் பட்டால் வானவில் போல மின்னும். பக்கத்து மயிர் அடர்த்தியாக இருக்காது. பிரிஸ்டில் வார்ம் மெதுவாக ஊர்ந்து மேயும். யூனிசிட் பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டி, எதையாவது கவ்விக்கொண்டு சட்டென்று பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும். வலுவான தாடை உண்டு. 2009-ல் இங்கிலாந்தின் நியூகீ நகர மீன்காட்சியகத்தில் பவளங்கள் காரணம் தெரியாமல் சிதைந்துகொண்டே வந்தன. தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்தது சுமார் நான்கடி நீள யூனிசிட். அப்படி ஒன்று இருந்தால் அந்தப் பாறையை மட்டும் தனி வாளியில் கடல்நீரோடு எடுத்து வைத்துப் புழுவை வெளியேற்றுங்கள். இழுத்துத் துண்டாக்காதீர்கள். இந்தப் புழுக்களில் சில இனங்கள் துண்டிலிருந்தும் முளைத்துவிடும்.

மணல் மேல் நெளியும் நூல்கள் ஸ்பகெட்டி வார்ம் என்னும் புழுவின் கைகள். உடம்பு மணலுக்கோ பாறைக்கோ உள்ளே பத்திரமாக இருக்கும், நூலை மட்டும் வெளியே விட்டுத் துகள் பொறுக்கும். சாதுவானது. கண்ணாடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெள்ளைச் சுருள்களும் அப்படியே. ஸ்பைரார்பிட் என்ற சிறு புழுவின் குழாய்கள் அவை, உள்ளிருந்தபடி தண்ணீரை வடிகட்டித் தின்னும். அழகுக்குக் குறைவென்று தோன்றினால் பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டிவிடலாம். குழாய் தடித்து, பாறையிலிருந்து செங்குத்தாக நீண்டு, வாயிலிருந்து சிலந்தி வலை போல் சளி நூல் விட்டால் மட்டும் அது வெர்மெடிட் நத்தை. புழு இல்லை. அந்த வலை பட்டுப் பட்டுப் பவளம் சுருங்கிவிடும். குழாயின் வாயில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ ஜெல் வைத்து அடைத்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்றையும் தேடிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாறையிலோ கண்ணாடியிலோ துருநிறத்தில், வால் பக்கம் பிளவுபட்ட சிறு தட்டைகள் ஒட்டியிருக்கின்றனவா? இருந்தால் அது சிவப்புத் தட்டைப்புழு. சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருங்கள். மருந்தை ஊற்றி ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கொன்றால், சாகும்போது அவை விடும் நஞ்சில் மீன் போய்விடும்.

மருந்து என்றதும் இன்னொன்று. ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தைத் தொட்டியில் கலந்து பார்த்ததாகச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். புழு சாகும்தான். கூடவே நத்தையும் சில மென்பவளங்களும் போகும், பாறைக்குள் செத்த நூறு புழு அழுகி அம்மோனியா ஏறும். தாமிர மருந்தும் வேண்டவே வேண்டாம்.

எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு எளிய பொறி இருக்கிறது. சின்ன இறால் துண்டை நைலான் சாக்ஸ் துணியில் முடிந்து, ராத்திரி பாறையடியில் வையுங்கள். மொய்க்கும் புழுக்களின் முள் துணியில் சிக்கிக்கொள்ளும். காலையில் இடுக்கியால் துணியோடு எடுத்துவிடலாம். சிக்ஸ் லைன் ராஸ் மீன் வாங்கி விடச் சொல்வார்கள். புழுவைத் தின்னும், உண்மை. ஆனால் 200 லிட்டரில் அது மற்ற மீனைத் துரத்தித் துரத்தி அடிக்கும், எனக்கு உடன்பாடில்லை.

பவளம் சுருங்கினால் புழுவைப் பழிக்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். உப்பும் கடினமும் நிறைந்த அந்தத் தண்ணீரில் கடலுப்பைக் கரைத்தால் அளவு எதுவும் சரியாக நிற்காது. ஆர்.ஓ. போட்டு, மிச்சமுள்ள உப்பு அயனிகளையும் நீக்கும் டீ.ஐ. வடிகட்டியையும் தாண்டி, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் சுழியம் காட்டும் தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில் தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை ஊற்றிவிடாதீர்கள். ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, உப்பின் அளவை இதை வைத்துத்தான் பார்ப்போம்) 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பாறை வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மன்னார் வளைகுடாவிலோ வேறெந்த நம் கடலிலோ எடுத்த பவளமென்றால் தொடாதீர்கள். பாறைப்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, வைத்திருப்பதே குற்றம். செயற்கைப் பீங்கான் பாறையில் நன்மை செய்யும் பாக்டீரியா குடியேறச் சில வாரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் இந்த மாதிரி விருந்தாளி எதுவும் ஒளிந்து வராது.

வீட்டில் பயப்படுகிறவர்களை ஒரு ராத்திரி சிவப்பு டார்ச்சோடு தொட்டிப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் புழு தீனித் துணுக்கைப் பொறுக்குவதைக் காட்டுங்கள். தலை தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று எடுத்து அனுப்பினால் எந்த வகை என்று பார்த்து எழுதுகிறேன்.