நில விடுவிப்பும் நீதிமன்ற விடுதலையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரு நில ஊழல்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கர்நாடக முன்னாள் முதல்வர் எடியூரப்பாவைச் சிறப்பு நீதிமன்றம் விடுவித்துவிட்டது. சித்தராமையா மீதான மைசூரு மனை வழக்கில் ஆதாரம் இல்லை என்று விசாரித்தவர்களே சொன்னார்கள். அதன் பிறகும் ஊழல் என்று எழுதுவது அவதூறு ஆகாதா? வாக்குக்குப் பணம் வாங்கும் மக்கள்தானே மூலகாரணம்? பெங்களூரை ஒட்டிய தேவனஹள்ளிப் பக்கம் ஒரு மனை வாங்கும் எண்ணத்தில் இருப்பதால் இது எனக்குச் சொந்தக் கவலையும்கூட.

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

நீதிமன்றம் விடுவித்த ஒருவரைக் குற்றவாளி என்று எழுத எவருக்கும் உரிமை இல்லை. நான் எழுதியது, கர்நாடகத்தில் எந்தக் கட்சி ஆண்டாலும் ஆட்சியில் இருப்பவரின் மேசைக்கு வந்து சேரும் ஓர் அதிகாரத்தைப் பற்றி.

1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் 48ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நிலம் அரசின் வசம் வராதவரை, கையகப்படுத்தும் அறிவிப்பு வெளியிட்ட பிறகும் அரசு அதை விடுவித்துவிடலாம். ‘டிநோட்டிஃபிகேஷன்’ என்று பெங்களூரில் தேநீர்க் கடை வரை புழங்கும் சொல் இதுதான். 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 93ஆம் பிரிவாக இது தொடர்கிறது. கையகப்படுத்தும் அறிவிப்பு வந்ததும் அந்த சர்வே எண்ணை எவரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார்கள். அரசு தரும் இழப்பீடு எப்போது வரும் என்று தெரியாத விவசாயி, வந்த தரகரிடம் கிடைத்த விலைக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு அதே விவசாயியின் பெயரில் ‘என் நிலத்தை விட்டுவிடுங்கள்’ என்று ஒரு மனு போகும். மனு ஏற்கப்பட்ட மறுநாள் நிலத்தின் விலை பல மடங்கு. இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது ஒரு கையெழுத்து. அதற்காகப் பெட்டியில் பணம் கைமாற வேண்டியதில்லை.

நிலம் அரசு வசம் வந்ததா என்பதைக் காட்டுவது பெரும்பாலும் ஒரு மகஜர் தாள்தான், அதாவது நிலத்தை எடுத்துக்கொண்டதாக அதிகாரிகள் சாட்சிகளோடு எழுதிவைக்கும் பதிவு. கோப்பின்படி நிலம் அரசிடம் இருக்கும். போய்ப் பார்த்தால் ராகி விளைந்து நிற்கும். விடுவிக்க விரும்புகிறவர் ராகியைக் காட்டலாம், மறுக்க விரும்புகிறவர் மகஜரைக் காட்டலாம். இரண்டுக்கும் கோப்பில் இடம் உண்டு என்பதில்தான் சூட்சுமம்.

நீங்கள் சொன்ன எடியூரப்பா வழக்கு பெங்களூரின் ராசேனஹள்ளி நிலத்தைப் பற்றியது. எடியூரப்பாவின் குடும்பத்தினர் 2006இல் சுமார் 40 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஏறத்தாழ ஒரு ஏக்கரை 2010இல் ஒரு சுரங்க நிறுவனம் 20 கோடிக்கு வாங்கியது. மாநிலத்தின் ஊழல் விசாரணை அமைப்பான லோக் ஆயுக்தாவின் தலைவர் சந்தோஷ் ஹெக்டேயின் 2011 அறிக்கை இதை அம்பலமாக்கியது. அந்த ஜூலையிலேயே, அப்போது முதல்வராக இருந்த எடியூரப்பா பதவி விலகினார். 2016 அக்டோபரில் நீதிமன்றம் அவரையும் மகன்களையும் மருமகனையும் விடுவித்தது. கிரையப் பத்திரம் பதிவாகி எல்லாம் வெளிப்படையாக நடந்திருக்கும் விற்பனையில், அந்த விலைக்கும் ஒரு குறிப்பிட்ட அரசாங்க முடிவுக்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவது அரசுத் தரப்புக்கு மலையைப் புரட்டுவதுதான். போதாக்குறைக்கு 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தையே திருத்தி, பொதுநலன் இல்லாமல் ஒருவருக்கு ஆதாயம் தேடித் தருவதே குற்றம் என்ற பழைய விதியை எடுத்துவிட்டார்கள். எதிர்க்கட்சிகளும் இதற்கு உரக்கக் குரல் எழுப்பவில்லை. ஏன் என்று நீங்களே யூகிக்கலாம்.

மைசூரு வழக்கில் கெசரே என்ற இடத்து 3 ஏக்கர் 16 குண்டா (40 குண்டா ஒரு ஏக்கர்) நிலத்துக்கு ஈடாகச் சித்தராமையாவின் மனைவிக்கு விஜயநகர் பகுதியில் 14 மனைகள் ஒதுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அவர் மனைகளைத் திருப்பிக் கொடுத்தார். 2025 பிப்ரவரியில் லோக் ஆயுக்தா காவல்துறை ஆதாரம் இல்லை என்றது. கெசரே நிலமும் 1990களில் அறிவிக்கப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டதுதான் என்பதைக் கவனியுங்கள்.

வாக்காளரைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில். கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்வரை செலவழிக்கலாம் என்பது 2022இல் ஏற்பட்ட வரம்பு. அதற்குமேல் செலவழிக்கும் பணத்தைக் கொண்டுவருபவர் வாக்காளர் அல்ல, அதைத் தேர்தலில் முதலாகப் போடுகிறவர். ஐநூறு ரூபாய் வாங்கிய கூலிப் பெண்ணை மூலகாரணம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தேவனஹள்ளி மனைக்கு வில்லங்கச் சான்று மட்டும் போதாது. கையகப்படுத்தும் அறிவிப்பு அதில் இல்லாமலும் போகலாம். சர்வே எண்ணைக் கொடுத்து, பெங்களூரு வளர்ச்சி ஆணையத்திலும் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்திலும் அந்த நிலத்தின் மீது அறிவிப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுவிக்கப்பட்ட நிலம் என்று சொன்னால் அந்த அரசிதழ் நகலைக் கேளுங்கள், எந்தத் தேதியில் யார் மனு கொடுத்தார் என்பதையும் விசாரியுங்கள். தரகர் முகம் சுளித்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.